'இதயம் பெருத்துவிட்டது': இதய அறைகளின் சுவர் சொல்லும் வரலாறு

எக்கோ பரிசோதனை முடிந்து வீடு திரும்பும் நம் பெரியவர்கள் பலர், கையில் ஓர் அறிக்கையோடும் வாயில் ஒரு சொல்லோடும் வருகின்றனர்: "இதயம் பெருத்துவிட்டதாம்." அச்சொல்லை வீட்டார் தத்தம் மனப்போக்கின்படி பொருள் கொள்கின்றனர். சிலர் இறுதி நெருங்கிவிட்டதென அஞ்சிக் கலங்குவர். சிலர், பெருத்தது என்றால் பலம் கூடியது என்றுதானே பொருள் எனத் தேற்றிக்கொள்வர். கால் வீக்கம் வடிந்து மூச்சிரைப்பும் தணிந்த பின்னர், "இனி இத்தனை மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே நிறுத்திவிடுவோர் இவ்விரு சாராரிலும் உளர்.

இதயம் பெருப்பது நன்மையா, கேடா என்னும் கேள்வி நம் வீட்டுக் கூடங்களில் மட்டும் எழுந்ததன்று. மருத்துவ உலகமே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியோடு மல்லாடியிருக்கிறது. பெரும் மேதைகள் இருபுறமும் நின்றனர். விடை தெளிவான காலம் நம் வாழ்நாளுக்கு உட்பட்டதே. மருத்துவம் சொல்லும் தகுதி நமக்கில்லை. கிதாபுகளோடு காலம் கழிக்கும் நாம், அந்த விடை கிட்டிய வரலாற்றை எடுத்துரைக்கவே இங்கு முற்படுகிறோம்.

இதயத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள் உள்ளன. மேலறைகள் இரத்தத்தை வாங்கிக் கீழே தள்ளுகின்றன. வலக் கீழறை அதனை நுரையீரலுக்கும், இடக் கீழறை உடல் முழுமைக்கும் அனுப்புகின்றன. வேலைக்கேற்பவே சுவரும் அமைந்துள்ளது: வலக் கீழறையின் சுவர் சில மில்லிமீட்டர், இடக் கீழறையின் சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஒரு நாளில் சுமார் 1,00,000 முறை சுருங்கி விரியும் இந்தத் தசைச் சுவருக்கு என்ன நேர்கிறது என்பதே நம் பொருள்.

பழங்காலத்தார் இதயத்தைத் தசை என்றே எண்ணவில்லை. அரபியர் ஜாலீனூஸ் என்றழைத்த கிரேக்க மருத்துவர் கேலன், இதயத்தின் ஊன் சாதாரணத் தசையினின்றும் வேறுபட்ட ஒன்று எனக் கருதினார். வல அறைக்கும் இட அறைக்கும் நடுவேயுள்ள தடுப்புச் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே இரத்தம் கசிந்து செல்கிறதென்றும் அவர் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. 'அல்-கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலை யாத்த இப்னு ஸீனாவும் இதயத்தில் மூன்று கீழறைகள் உண்டு என்ற பழைய கூற்றை வழிமொழிந்தார்.

அதனை மறுத்தவர் நம் வாசகர்கள் பெயரளவிலேனும் அறிந்திருக்கும் அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் (ரஹ்). திமிஷ்கின் நூரி மருத்துவமனையில் பயின்று, பின்னர் கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687, அதாவது 1288-இல் மறைந்தவர். மருத்துவத்தோடு கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் கற்பித்தார். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் ஸுப்கீ (ரஹ்) தம் நூலில் இவருக்கும் இடம் தந்துள்ளார். நம் கடற்கரை ஊர்களில் அதே மத்ஹபின் கிதாபுகளை ஓதும் மாணவர்களுக்கு, அவ்வரிசையில் இதயத்தின் சுவரை ஆராய்ந்த ஒருவரும் இருந்தார் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் எழுதிய விரிவுரை 1242-இல் முடிவுற்றது. இதயத்தில் கீழறைகள் இரண்டே என்று அதில் அவர் உறுதியாகக் கூறுகிறார். நடுச்சுவர் தடித்தது, அதில் வெளிப்படையான வழியுமில்லை, மறைவான துளையுமில்லை. ஆகவே வல அறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கு காற்றோடு கலந்து, இட அறைக்குத் திரும்பியாக வேண்டும் என்று நிறுவுகிறார். இதயத்தின் ஊனுக்கு உணவு, அறைக்குள் நிற்கும் இரத்தத்திலிருந்து வருவதன்று. ஊனுக்குள்ளேயே பரவிச் செல்லும் நாளங்கள் வழியாக வருவது என்பதும் அவர் கூற்று. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சுவர் தடிக்கும்போது இதயம் ஏன் பட்டினி கிடக்கிறது என்பதைப் பின்னர் பார்க்கும்போது இது உதவும்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நம்மவர் எழுதும் கட்டுரைகள் சில, இன்றைய இதய மருத்துவம் முழுவதையும் இப்னுந் நஃபீஸே கண்டுவிட்டார் என்ற தோற்றத்தை உண்டாக்குகின்றன. அது அவருக்குச் செய்யும் கண்ணியம் ஆகாது. ஷரீஅத்தின் தடையும் தம் உள்ளத்தின் இரக்கமும் உடலை அறுப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அவரே தம் நூலின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். முன்னோர் நூல்களைக் கூர்ந்து ஒப்பிட்டு, அறிவு ஒப்பாததை ஒப்பாததென்று சொன்னதே அவர் செய்த பெரும்பணி. நோயுற்ற இதயத்தின் சுவர் எவ்வாறு மாறுகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருளன்று. அவருடைய நூலும் பலகாலம் மறைந்தே கிடந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் மருத்துவம் பயின்ற முஹ்யித்தீன் அத்-தத்தாவீ என்னும் எகிப்தியர், பெர்லின் அரசு நூலகத்தின் சுவடியொன்றில் அதனைக் கண்டு, 1924-இல் உலகறியச் செய்தார்.

ஐரோப்பாவில் 1628-இல் வில்லியம் ஹார்வி இரத்தச் சுற்றோட்டத்தை நிறுவினார். 1660-களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ, இதயம் தசையே என்று அறுதியிட்டுக் கூறினார். உழைக்கும் தசை பருக்கும் என்பது உழவரும் சுமைதூக்குவோரும் அறிந்த செய்தி. இதயமும் தசையென்றால் அதுவும் பருக்குமல்லவா? கேள்வி இங்கிருந்துதான் பிறந்தது.

பிணக்கூறாய்வு அதற்கு முதல் விடை தந்தது. 1705-ஐ ஒட்டி ரோம் நகரில் திடீர் மரணங்கள் பெருகி, மக்கள் பீதியுற்றனர். போப்பின் மருத்துவராயிருந்த லான்சீஸி, இறந்தோரின் உடலைத் திறந்து பார்க்கும் பணியை ஏற்றார். பலருடைய இதயம் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்திருந்தது. 1707-இல் வெளியான அவருடைய நூலும், அவர் மறைந்தபின் 1728-இல் வந்த மற்றொரு நூலும், இதயத்தின் அறைகள் விரிவடைவதை ஒரு நோயாகப் பதிவு செய்தன.

பின்னர் நெப்போலியனின் மருத்துவர் கொர்விஸார் வந்தார். 1806-இல் வெளியிட்ட நூலில் பெருத்த இதயங்களை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் சுவர் தடித்து, அறை வலுவோடு விரிந்திருக்கிறது. மற்றொன்றில் சுவர் மெலிந்து, அறை தளர்ந்து தொய்ந்திருக்கிறது. பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டு என்று கண்டது பெரிய செய்தி. உயிரோடிருக்கும்போதே இதயத்தின் அளவை அறியும் வழியையும் அவரே பரப்பினார். வியன்னாவின் அவுன்ப்ருகர் 1761-இலேயே, மார்பை விரலால் தட்டி எழும் ஓசையைக் கொண்டு உள்ளிருப்பதை அறியும் முறையை எழுதியிருந்தார். அவர் விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்க்கும் வழக்கத்திலிருந்து இம்முறை பிறந்ததாகச் சொல்வர். அந்நூலை எவரும் பொருட்படுத்தவில்லை. கொர்விஸார் 1808-இல் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். இன்று எக்கோ கருவி மில்லிமீட்டர் கணக்கில் சொல்வதை, அன்று ஒரு விரல் மந்தமான ஓசையாகக் கேட்டறிந்தது.

கொர்விஸார் கண்ட இரு வகையும் வெவ்வேறு நோய்களா, ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாவது கருத்து வலுப்பெற்றது. 1892-இல் வில்லியம் ஆஸ்லர் எழுதிய புகழ்பெற்ற பாடநூல், வால்வு பழுதான இதயம் பருப்பதை மூன்று பருவங்களாக விவரித்தது. முதலில் சுவர் தடித்து வளர்கிறது. அடுத்துப் பழுதை ஈடுசெய்து, ஆண்டுக்கணக்கில் நோயாளியை நலமாக நடமாட வைக்கிறது. கடைசியில் அந்த ஈடு உடைகிறது. ஏன் உடைகிறது? தசை களைத்துவிட்டது என்பதைத் தவிர அக்காலத்தாரிடம் தெளிவான விடையில்லை.

அடுத்து வந்த விடையோ, சிக்கலை இன்னும் கூட்டிவிட்டது. 1895-இல் ஓட்டோ ஃப்ராங்க் தவளையின் இதயத்திலும், 1914-ஐ ஒட்டி லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் நாயின் இதயத்திலும் ஓர் அழகிய விதியைக் கண்டனர். அறைக்குள் கூடுதலாக இரத்தம் வந்து தசை நீண்டால், அடுத்த சுருக்கம் முன்னிலும் வலுவாகிறது. படி ஏறும்போதும் தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழும்போதும், நாம் அறியாமலே நம் இதயம் இவ்விதியின்படிதான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. படைப்பின் இந்த நுட்பத்தை எண்ணிப் பார்க்காமல் கடந்து செல்ல இயலாது. ஆனால் இதிலிருந்து, விரிந்த அறை வலுவான அறை என்னும் முடிவுக்கு வருவது எளிதாகிவிட்டது. பெரிய இதயம் நல்லதுதானே என்று தேற்றிக்கொள்ளும் நம் வீட்டார், தாம் அறியாமலே ஸ்டார்லிங்கின் பக்கம் நிற்கின்றனர்!

இங்கு இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. முதலாவது கணக்கு. பிரெஞ்சுக் கணிதவியலர் லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதியின்படி, உருண்டையான ஒரு பையின் சுவர் தாங்கும் சுமை, உள்ளிருக்கும் அழுத்தத்தோடும் பையின் அகலத்தோடும் சேர்ந்து கூடுகிறது. சுவர் தடிக்கத் தடிக்கக் குறைகிறது. ஆகவே அழுத்தம் கூடிய இதயம் சுவரைத் தடித்துக்கொள்வது அறிவுடைய செயல். அறை விரிந்து சுவர் மெலிவதோ இருமடங்குத் தீங்கு: அதே இரத்தத்தை வெளியேற்ற ஒவ்வொரு இழையும் முன்னிலும் அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக முட்டை வடிவில் இருக்கும் இடக் கீழறை, செயலிழக்கும்போது பந்து போல உருண்டு போவதன் கேடும் இதுவே.

இரண்டாவது நுண்ணோக்கியின் செய்தி. ஜெர்மானிய நோயியலர் லின்ட்ஸ்பாக், பெருத்த இதயங்களை எடைபோட்டு, இழைகளை அளந்து, எண்ணிப் பார்த்தார். நலமான இதயம் ஏறத்தாழ 300 கிராம். 500 கிராமை ஓர் அபாய எல்லையாக அவர் வகுத்தார். நாட்பட விரிந்த இதயத்தில் இழைகள் ரப்பர் போல இழுபட்டு நீளவில்லை என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை. சுருங்கும் நுண்ணலகுகள் புதிதாக உருவாகி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, இழையே நீளமாக வளர்ந்திருந்தது. ஸ்டார்லிங்கின் நீட்சி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் நிகழ்வது. அது பலம் தரும். இதுவோ மாதக்கணக்கில் நிகழும் கட்டுமான மாற்றம். வில்லை இழுத்து நாணேற்றுவதும், வில்லையே நீளமாகச் செய்துவிடுவதும் ஒன்றாகுமா?

1975-இல் அமெரிக்காவின் வில்லியம் கிராஸ்மனும் குழுவினரும் இக்கட்டுமானத்தின் முறையை விளக்கினர். உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் அழுத்தச் சுமை கூடினால், நுண்ணலகுகள் பக்கம்பக்கமாக அடுக்கப்பட்டுச் சுவர் தடிக்கிறது. வால்வு ஒழுகி இரத்தத்தின் அளவு கூடினால், அவை நீளவாக்கில் கோக்கப்பட்டு அறை விரிகிறது. இதயத்தின் தசையணுக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் பெருகுவதில்லை. இருக்கும் அணுவே பருக்கிறது, அல்லது நீள்கிறது.

அப்படியானால் ஈடு ஏன் உடைகிறது? மாஸ்கோவில் ஃபெலிக்ஸ் மீர்ஸன், விலங்குகளின் பெருந்தமனியைச் சற்றே இறுக்கிக் கட்டி, இதயம் என்ன செய்கிறதென ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1960-களில் அவர் எழுதியது ஆஸ்லரின் மூன்று பருவங்களுக்கு உள்ளீடு தந்தது. முதலில் திடீர்ச் சுமையால் தடுமாற்றம். பின் சுவர் தடித்து நிலைபெறும் நெடுங்காலம். இறுதியில் அணுக்கள் சோர்ந்து மடிய, அவற்றின் இடத்தை நார்த்திசு பிடிக்கும் காலம்.

அந்த மூன்றாம் காலத்தில் சுவருக்குள் நிகழ்வதைச் சற்று நின்று பார்ப்போம். நலமான இதயத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு தசையிழைக்கும் ஒரு நுண்குழல் இரத்தம் கொண்டுவருகிறது. இழை பருக்கும் வேகத்துக்கு நுண்குழல்கள் பெருகுவதில்லை. இழையின் நடுப்பகுதி உணவின் வாயிலிலிருந்து விலகிப் போகிறது. இதயத்தின் ஊன் தன்னுள் பரவும் நாளங்களால் உண்கிறது என்று இப்னுந் நஃபீஸ் எழுதியதை இங்கு நினைவுகூரலாம். தடித்த சுவர் பசித்த சுவராகிறது. பசித்த அணுக்களில் சில மடிகின்றன. இதயத்துக்குள் தசையணுக்களைத் தாங்கி நிற்கும் மெல்லிய கொலாஜன் வலை ஒன்றுண்டு. நாரணுக்கள் தூண்டப்பட்டு, அவ்வலையைத் தேவைக்கு மேல் நெய்கின்றன. இடையிடையே நார் படர்ந்த சுவர் விறைக்கிறது. தளர்ந்து இரத்தத்தை வாங்கவும் இயலாமல் போகிறது. மின்தூண்டல் அந்த நாரைச் சுற்றி வளைந்து செல்ல நேர்வதால் துடிப்பின் ஒழுங்கும் குலைகிறது. வாங்கும் இடம் நிரம்பினால் வாசலில் கூட்டம் தேங்குவது போல, மேலறையில் இரத்தம் தேங்கி, அதன் மெல்லிய சுவரும் விரிந்து நார்படுகிறது. இதயச் செயலிழப்பு உள்ள பலருக்கு மேலறையின் துடிப்பு தாறுமாறாகிவிடுவது இதனாலும்தான்.

மேலறை வெறும் முன்கூடம் அன்று என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தது. 1981-இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்டும் சகாக்களும் எலியின் மேலறைத் திசுவை அரைத்து, அதன் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் சிறுநீரில் உப்பும் நீரும் ஏராளமாக வெளியேறின. விரியும் அறை, "சுமையைக் குறையுங்கள்" என்று சிறுநீரகத்துக்கு ஓலை அனுப்புகிறது! கருவிலிருக்கும்போது கீழறையும் இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. பிறந்தபின் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. செயலிழக்கும் இதயத்தின் கீழறையோ அதனை மீண்டும் சுரக்கத் தொடங்குகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு ஹார்மோனின் அளவைத்தான் இன்று 'பிஎன்பி' என்ற இரத்தப் பரிசோதனையில் பார்க்கின்றனர்.

இதற்கு நேர் எதிரான ஓலை ஒன்றும் உடலில் உண்டு. நம் வரலாற்றின் திருப்பமே அதுதான். இதயம் தளர்ந்து சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தால், பாலைவனத்தில் நீரிழந்து தவிக்கும் பயணிக்கு நேர்வதே இங்கும் நேர்ந்துவிட்டதாக உடல் எண்ணிக்கொள்கிறது. உப்பையும் நீரையும் பிடித்துவை, நாளங்களை இறுக்கு என்று ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டெரோன் ஆகியவை வரிசையாகக் கட்டளை இடுகின்றன. பயணிக்கு அது உயிர்காப்பு. செயலிழந்த இதயத்துக்கோ கூடுதல் சுமை. அதனினும் கொடிது, ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டெரோனும் இதயச் சுவரிலேயே நார் படர்வதைத் தூண்டுகின்றன என்பது. பாதுகாக்க அனுப்பிய காவலரே வீட்டை இடிப்பது போன்ற நிலை.

இக்கட்டளையைத் தடுக்கும் வழி ஒரு பாம்பிடமிருந்து கிடைத்தது. பிரேஸிலின் ஜராராகா என்னும் விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரியும். அந்நாட்டு ஆய்வாளர் செர்ஜியோ ஃபெரெய்ரா 1960-களில் அதன் நஞ்சிலிருந்து பிரித்த பொருளைப் பின்பற்றி, அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மனும் ஒண்டெட்டியும் 1975-இல் 'காப்டோப்ரில்' என்னும் மாத்திரையை உருவாக்கினர். இரத்த அழுத்தத்துக்கென்றே அது வந்தது. இதயத்தின் வடிவத்தைக் காக்கும் என்று அன்று எவரும் அதனை வாங்கவில்லை.

அதே காலத்தில் வேறொரு உண்மை வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. மாரடைப்பில் இடக் கீழறையின் ஒரு பகுதி மடிந்தால், சில வாரங்களில் அங்கு தழும்பு உண்டாகி, காயம் ஆறியதாகவே கருதினர். 1979-இல் பால்டிமோர் மருத்துவர்கள் எக்கோ கருவியால் அடுத்தடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு அந்தப் பகுதி மெலிந்து புடைத்து அகல்வதைக் கண்டனர். பின்னர் தெரியவந்தது இதனினும் கவலைக்குரியது. அடிபடாத மற்றச் சுவரும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நீண்டு, அறை முழுவதும் விரிந்துகொண்டே போகிறது. நோயாளிக்கு வலியில்லை, வீக்கமில்லை. உள்ளே கட்டுமானம் மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் இதற்கு 'மறுவடிவாக்கம்' என்று பொருள்படும் சொல்லை வழங்கலாயினர். நல்ல கட்டடத்தைப் புதுப்பிப்பதற்குரிய அச்சொல் இந்தச் சிதைவுக்குப் பொருந்துகிறதா என்ற ஐயம் நமக்கு உண்டு. ஆயினும் அதுவே நிலைத்துவிட்டது.

பாஸ்டனில் மார்க் ஃபெஃபரும் அவர்தம் மனைவி ஜானிஸ் ஃபெஃபரும், மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்குக் காப்டோப்ரில் கொடுத்துப் பார்த்தனர். 1985-இல் வெளியான முடிவுகளின்படி, மருந்துண்ட எலிகளின் அறை குறைவாகவே விரிந்தது. அவை கூடுதல் நாள் வாழ்ந்தன. அடுத்து மனிதர். மாரடைப்புக்குப் பின் இடக் கீழறை பலவீனமாயினும், செயலிழப்பின் அறிகுறி வெளிப்படாத 2,231 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1992-இல் வந்தது. வெற்று மாத்திரை உண்டோரில் 25 விழுக்காட்டினரும், காப்டோப்ரில் உண்டோரில் 20 விழுக்காட்டினரும் ஆய்வுக் காலத்தில் இறந்திருந்தனர். உடல்நலம் குன்றாதவர் போல் நடமாடிய மனிதரிடம், அறையின் சுவரைக் காப்பதற்கென்று கொடுத்த மாத்திரை மரணத்தைக் குறைத்தது. பெருத்த இதயம் வலிமையின் அடையாளம் என்ற பழைய ஆறுதல் வலுவிழந்தது இங்குதான்.

பின் ஒவ்வொன்றாக வந்தன. ஆல்டோஸ்டெரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், கடும் செயலிழப்பு உள்ள 1,663 பேரிடம் மரண ஆபத்தை 30 விழுக்காடு குறைத்ததாக 1999-இல் அறிவிக்கப்பட்டது. பீட்டா தடுப்பான்களின் கதை இன்னும் வியப்புக்குரியது. இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் அம்மருந்தைத் தளர்ந்த இதயத்துக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்றே பாடநூல்கள் எச்சரித்தன. 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் வாக்ஸ்டைன் என்பவரும் சகாக்களும் ஏழு நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்து, இதயம் தேறியதாக எழுதினர். ஏறக்குறைய இருபதாண்டுகள் பெரும்பாலோர் நம்பவில்லை. 1999-இல் இரு பெரிய ஆய்வுகள் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டின. விரிந்த அறை சுருங்கி, பந்து வடிவம் மீண்டும் முட்டை வடிவை நாடுவதை எக்கோ திரையிலேயே காண முடிந்தது. இன்று நம் பெரியவர்களின் மருந்துச் சீட்டில் இருப்பவை பெரும்பாலும் இக்குடும்பங்களைச் சேர்ந்தவையே. அவற்றுள் சில, மூச்சிரைப்பு இல்லாத நாளிலும் சுவருக்காக வேலை செய்பவை. நீரிறக்கும் மாத்திரை வீக்கத்துக்கானது. இவ்வேறுபாட்டை மருத்துவரிடம் கேட்டு, எது எதற்கென்று வீட்டார் அறிந்து வைத்திருப்பது நலம். ரமழானில் வேளையை மாற்றுவதாயினும், நோன்பை விடுவதாயினும், மாதம் பிறப்பதற்கு முன்னரே கேட்டுவிட வேண்டும். நோயாளிக்குச் சலுகை அல்-பகராவிலேயே இருக்கிறது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதற்கு அங்கு இடமில்லை.

தேறிய இதயம் முழுதும் குணமான இதயம்தானா? இழந்த தசையணுக்களை இதயம் புதிதாகப் படைத்துக்கொள்ள முடியுமா என்று ஸ்டாக்ஹோமில் ஒரு குழு ஆராய்ந்தது. பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14, அக்காலத்தில் உருவான அணுக்களின் மரபுப்பொருளில் முத்திரை போலப் பதிந்திருந்தது. அதைக்கொண்டு அணுக்களின் வயதைக் கணித்தனர். 2009-இல் வெளியான விடை: 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. ஒரு முழு வாழ்நாளில் பாதி அணுக்கள்கூடப் புதுப்பிக்கப்படுவதில்லை.

எனவே, மருந்தால் தேறியவர் மருந்தை விட்டால் என்னாகும் என்பதை நேரடியாகவே கேட்டனர் லண்டன் மருத்துவர்கள். இதயம் விரிந்து செயலிழந்து, பின்னர் மருந்தால் அறையின் அளவும் செயலும் இயல்புக்குத் திரும்பிய 51 பேரைத் தேர்ந்தனர். எவருக்கும் அறிகுறி எதுவும் இல்லை. கூட்டத்தில் நின்றால் நோயாளி என்று எவரும் சொல்லமாட்டார். 25 பேருக்கு மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 26 பேர் தொடர்ந்து உண்டனர். முடிவு 2018-இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள், நிறுத்தியவர்களில் 11 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. பின்னர் அந்த 26 பேரில் 25 பேருக்கும் மருந்து நிறுத்தப்பட்டபோது, மேலும் 9 பேருக்குத் திரும்பியது. எவரும் இறக்கவில்லை, கண்காணிப்பு அத்தகையது. நோய் திரும்பியவர்களுக்கு மருந்துகள் உடனே மீண்டும் தொடங்கப்பட்டன.